குடையா? கப்பலா?

நடுவர் அவர்களே! 'இலவசம்னு ஒரு வார்த்தை போதும், சனம் ஓடி வந்துரும்' என்று சொல்லிவிட்டு எதிரணி நண்பர் உட்கார்ந்தார். நான் முத்துநகர்க்காரன். அவரை எங்க ஊர்த் துறைமுகத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டிக்கிட்டுப் போறேன்.

1906 அக்டோபர். வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஆக 40,000 பங்குகள். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து நின்றன.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கொழும்புக்குக் கட்டணம் ஒரு ரூபாய் என்று குறைத்தது. இவர் எட்டணா என்றார். உடனே அவன் என்ன செஞ்சான் தெரியுமா? 'டிக்கெட்டே வேண்டாம், ஏறிக்கோ. கையில ஒரு குடையும் தர்றோம்!'

சோப்புக்கு டப்பா இலவசம் என்கிறோமே, அதுக்குத் தாத்தா அய்யா இந்தக் குடை! ஆனாலும் சனம் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியது. ஏன்? 'இது உன் கப்பல்' என்று சொன்ன அந்தப் பங்குப் பத்திரம்தான் அசல் விளம்பரம்.

'கம்பெனி கவுந்து போச்சே' என்பீர்கள். உண்மை, நஷ்டமும் வந்தது. ஆனால் குடை போதாமல்தானே 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள், கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள்? தலைவனில்லாத கம்பெனி 1911இல் கலைந்தது.

2011 முதல் அந்தத் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பேர். குடை கொடுத்தவன் பேரை யாராவது வெச்சாங்களா?