எல்லாம் சண்டையால வந்ததோ?

வன்னியின் வரலாற்றை நாங்கள் இடப்பெயர்வுகளின் பட்டியலாகவே படிச்சு வந்திருக்கிறம். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனம், 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடின சனம், 1997இல் ஜெயசிக்குறு, 2004இல் முல்லைத்தீவுக் கரையில சுனாமி, பிறகு 2009. இதே ஆண்டுகளை ஒரு குளிசையின் வரலாறாகவும் படிக்கலாம். மாதாமாதம் மருந்து தேவைப்பட்ட ஒருவருக்கு அது எப்ப கிடைச்சுது, எப்ப நிண்டுபோச்சு?

இருமுனை மனநோய் பெரும்பாலும் இளவயதில தொடங்கும். கொஞ்சக் காலம் மனம் கட்டுக்கடங்காமல் ஓடும். நித்திரை இல்லை, கதை நிக்காது, காசு கரையும். பிறகு பாயை விட்டு எழும்ப முடியாத சோர்வு. எண்பதுகளில், இருபது வயதில் இந்த வருத்தம் தொடங்கின ஒருவர் இப்ப அறுபதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார். அவரின்ர வருத்தமும் ஊரின்ர சண்டையும் ஒண்டாகவே நடந்து வந்தவை.

இதற்கான முக்கிய மருந்துகளில் ஒன்று லித்தியம். 1949இல் அதன் பயனை எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கியில் மூன்று வருசத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர் அவர். லித்தியத்தின் அளவு இரத்தத்தில் குறைஞ்சால் பயனில்லை, கூடினால் நஞ்சு. வெயிலில உடம்பு நீர் வற்றினாலும், சில நோக்குளிசைகளைப் போட்டாலும் அளவு ஏறும். வயது போகச் சிறுநீரகம் தளரும். அப்ப இன்னும் கவனம் தேவை. திடீரெண்டு நிப்பாட்டினால் வருத்தம் திரும்பி வரலாம்.

ஆக இந்த மருந்துக்கு ஒரு கிளினிக்கும், இரத்தம் சோதிக்க ஓர் ஆய்வுகூடமும், அங்க போக ஒரு பாதையும் வேணும். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளின் வன்னியில் இந்த மூண்டையும் ஒண்டாய் எதிர்பார்க்க ஏலாது. 2009இன் பதுங்குகுழிகளில் சொல்லத் தேவையில்லை.

போர் எங்கட சமூகத்தின் மனதைக் காயப்படுத்தியதை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருசமாக எழுதி வந்தார். அந்த எழுத்து எங்களுக்கு ஒரு மொழியைத் தந்தது. ஆனால் நாங்கள் அதைச் சோம்பலாகப் பாவிக்கிறம்: எந்த மனவருத்தத்தையும் "சண்டையால வந்தது" எண்டு முடிச்சுவிடுறம். இருமுனை மனநோய் சண்டையே காணாத நாடுகளிலும் உண்டு. பரம்பரைக்கும் அதில் பெரிய பங்குண்டு. சண்டை அதைக் கிளறலாம், மருந்தைத் தடுக்கலாம். ஆனால் சண்டைதான் காரணம் எண்டு சொன்னால், ஆறுதல் வார்த்தையே போதும் எண்டு நினைச்சு மருந்தை விட்டுவிடுவம்.

மறுபக்கத் தவறும் உண்டு. 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இந்த வருத்தம் உள்ள ஒரு தாய் அப்பிடியொரு இடத்தில் இருந்து பிள்ளையைக் கேட்டுக் கத்தினால், "வருத்தம் கூடிட்டுது" எண்டு சொல்லுவமோ? அவவின்ர கோபம் நியாயமானது. அதை நோயெண்டு எழுதேலாது.

மீளுதல் எண்டால் வருத்தம் முழுசாய்ப் போறது மட்டுமில்லை. வருத்தத்தோடயும் நம்பிக்கையும் அர்த்தமும் உள்ள வாழ்க்கை வாழ்வதே அது எண்டு 1993இல் வில்லியம் அந்தனி எழுதினார். முதிய ஒருவருக்கு அதில் முக்கியமான பங்கு, தன்ர கதையைத் தானே பிரிச்சுச் சொல்லுறது: இது நோய், இது சண்டை, இது நான்.

கிளினிக் நாளில அவரோட கூடப் போவம். பஸ்ஸில அந்தக் கதையைக் கேப்பம். இடையில மறிச்சு நாங்களாகப் பேர் வைக்காமல் கேப்பம்.