கட்டுமரமும் இரும்பு டிரம்மும்

மிதப்பதற்கு நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. புணை, தெப்பம், மிதவை, பரிசல். இதில் புணை புறநானூற்றிலேயே வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், சோழநாட்டுக் கரையில் பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற கலங்களைச் சொல்கிறது. மலையாளத்துச் 'சங்ஙாட'த்துக்கும் அதற்கும் உறவு உண்டு என்பார்கள். போர்த்துகீசியர் இந்தச் சங்ஙாடத்தை 'ஜங்காடா' ஆக்கி, பிரேசில் மீனவரின் மிதவைக்குப் பெயராக வைத்தார்கள். நம்ம கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆகி, 1697-ல் வெளியான டாம்பியரின் பயண நூலிலேயே இடம்பிடித்தது. இன்று அது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகின் பெயர். கட்டும் போச்சு, மரமும் போச்சு, பேர் மட்டும் மிச்சம்!

வலியதுறை, பூந்துறை மீனவர் கையாண்ட கட்டுமரத்தில் இரண்டு நுட்பங்கள். ஒன்று, அதற்குள் வெற்றிடம் கிடையாது. ஆகவே ஓட்டை விழுந்து மூழ்கும் பேச்சே இல்லை. நம் சமண காவியமான சீவக சிந்தாமணியில் கலம் உடைந்த வணிகன் சீதத்தன் கரைசேர்வதும் ஒரு மரத்துண்டைப் பற்றித்தான். இரண்டாவது, கயிற்றுக் கட்டு. ஆணி அடித்தது போல விறைக்காமல் அலைக்கு இசைந்து கொடுக்கும். மரம் தண்ணீர் குடித்தால் கனக்கும் என்று, கரையேறியதும் கட்டை அவிழ்த்துத் தனித்தனியே காயப்போடுவார்கள்.

இரும்பு டிரம் நேற்று வந்தது. 1905-ல் அமெரிக்காவில் ஹென்றி வேர்ஹான் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் வேலை பார்த்த கம்பெனியை நடத்தியவர், 72 நாளில் உலகைச் சுற்றிய பத்திரிகையாளர் நெல்லி பிளை. எண்ணெய்க்காகச் செய்த பாத்திரம், காலியானதும் உலகமெங்கும் ஏழைகளின் மிதவையானது. கணக்கு எளிது. 200 லிட்டர் டிரம் முழுக்க அமிழ்ந்தால் சுமார் 200 கிலோ நீரைத் தள்ளும். தன் எடை 20 கிலோ போக 180 கிலோ தாங்கும். ஆனா பாதிக்கு மேல் ஏற்றக்கூடாது.

என்னிடம் பழைய டிரம் கேட்டு வருபவர்களிடம் முதலில் சொல்வது: உள்ளே முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பெட்ரோலோ தின்னரோ இருந்ததை வெல்டிங் வைத்தால், மிச்ச ஆவி தீப்பிடித்து டிரம்மே வெடிக்கும். உயிர் போன சம்பவங்கள் உண்டு. அடுத்தது துரு. நீரும் காற்றும் சந்திக்கும் கோட்டில்தான் உப்புநீர் இரும்பை அதிகம் தின்னும். ரெட் ஆக்சைடை அங்கே தாராளமாகப் பூசணும். திருகு மூடிக்கு வாஷர் போடணும்.

2021 அக்டோபர் வெள்ளத்தில் ஆலப்புழைப் பக்கம் தலவடியில் ஒரு கல்யாண ஜோடி பெரிய அலுமினிய அண்டாவில் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போனது. பாத்திரக்காரர்களுக்குப் பெருமைதான். ஆனா ஒரு பக்கம் சாய்ந்தால் அண்டா நிரம்பிவிடும், மரம் நிரம்பாது.

நம் மாவட்டத்து வர்க்கலையில் 2023 டிசம்பரில் திறந்த பிளாஸ்டிக் மிதவைப் பாலத்தில், 2024 மார்ச்சில் அலையடித்துக் கைப்பிடி முறிந்து பலர் கடலில் விழுந்தார்கள். மிதவையை மட்டும் பார்த்தால் போதாது, கட்டையும் பார்க்கணும். டிரம் மிதவை செய்கிறவர்கள் உள்ளே தெர்மோகோல் அடைத்து, நாலு டிரம்மையும் வெல்டிங்கால் விறைப்பாக இணைக்காமல் நைலான் கயிற்றால் கட்டினால், அது பாதி கட்டுமரம்தான்.