படப் பெருக்கக் கட்டுப்பாடு

படப் பெருக்கக் கட்டுப்பாடு என்பது நகர்பேசிச் செயலியில் காட்டப்படும் படத்தைப் பயனர் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உதவும் இடைமுக உறுப்பு ஆகும். இரு விரல்களை விரித்தல், இருமுறை தட்டுதல், + மற்றும் − பொத்தான்கள் ஆகியவை இதன் பரவலான வடிவங்கள்.

வரலாறு

விரல்களைக் குவித்தும் விரித்தும் கணினியை இயக்கும் முறையை அமெரிக்கக் கணினிக் கலைஞர் மைரன் குரூகர் 1980களிலேயே தமது வீடியோபிளேஸ் அமைப்பில் செய்து காட்டினார். 2007 சனவரியில் அறிமுகமான ஐபோன் இதைப் பரவலாக்கியது. 2008-இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு நகர்பேசியில் இச்சைகை இல்லை. அதன் உலாவியில் பொத்தான்களே இருந்தன. 2012-இல் ஆப்பிள், சாம்சங் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் இச்சைகைக்கே ஆப்பிள் காப்புரிமை பெற்றிருந்ததாகப் பலர் கருதினர். அது சரியன்று. 915 என முடியும் அக்காப்புரிமை, ஒரு விரல் உருட்டலையும் பல விரல் சைகையையும் நிரல் வேறுபடுத்தி அறியும் முறையைப் பற்றியது.

இயங்குமுறை

இரு விரல்களுக்கு இடையிலான புதிய தொலைவைப் பழைய தொலைவால் வகுத்தால் பெருக்க விகிதம் கிடைக்கும். படத்தை இவ்விகிதத்தால் பெருக்குவது மட்டும் போதாது. அப்படிச் செய்தால் படம் அதன் மூலையிலிருந்தோ நடுவிலிருந்தோ விரியும். பயனர் பார்க்க விரும்பிய பகுதி திரையை விட்டு நழுவிவிடும். விரல்களின் நடுப்புள்ளி அசையாதிருக்கப் படத்தின் இடத்தையும் மாற்ற வேண்டும்:

புதிய இடம் = நடுப்புள்ளி + விகிதம் × (பழைய இடம் − நடுப்புள்ளி)

மீச்சிறு, மீப்பெரு அளவுகளையும் வரையறுக்க வேண்டும். ஐஓஎஸ் தளத்தின் யூஐஸ்க்ரோல்வியூ உறுப்பில் இவ்விரண்டும் இயல்பாக 1.0 ஆகவே உள்ளன. இவற்றை மாற்றாத வரை படம் பெரிதாகாது. புதிய நிரலர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

நினைவகம் மற்றொரு சிக்கல். 4000 × 3000 படப்புள்ளிகள் கொண்ட ஒளிப்படம், புள்ளிக்கு 4 பைட்டு வீதம், விரித்த நிலையில் 4.8 கோடி பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். கோப்பு சிறிதாக இருப்பது இங்கு உதவாது. எனவே முதலில் சிறிய படியைக் காட்டி, பெரிதாக்கும்போது தேவையான பகுதியை மட்டும் துண்டுகளாக ஏற்றுவது வழக்கம்.

அணுகுதிறன்

ஒரு கையால் மட்டுமே நகர்பேசியை இயக்குவோர்க்கும் கைநடுக்கம் உள்ளோர்க்கும் இருவிரல் சைகை கடினமானது. பெரிதாக்கும் வசதி மிகவும் தேவைப்படும் பார்வை மங்கிய முதியோர் பலரும் இவர்களுள் அடங்குவர். 2018-இல் வெளியான இணைய அணுகுதிறன் வழிகாட்டி 2.1-இன் 2.5.1ஆம் விதி, பல விரல் சைகையால் ஆகும் செயலை ஒற்றைத் தொடுகையாலும் செய்ய இயல வேண்டும் என்கிறது. இணையப் பக்கங்களுக்கென எழுதப்பட்டதாயினும் செயலிகளுக்கும் இதனைப் பொருத்துவர். பழைய + − பொத்தான்களே இதற்கு எளிய வழி. ஆண்ட்ராய்டில் இதற்கென இருந்த ஆயத்த உறுப்பு 2019-இல் ஆண்ட்ராய்டு 10 பதிப்புடன் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டதால், நிரலர்கள் அப்பொத்தான்களைத் தாமே அமைக்க வேண்டும்.