குளியலறை ஏன் கீழே?

இங்கிலாந்துல பழைய வரிசை வீடு வாங்கப் பார்த்தா ஒண்ணு கண்ணை உறுத்தும். படுக்கையறை எல்லாம் மாடியில. குளியலறை மட்டும் கீழே, சமையலறையையும் தாண்டி, கொல்லைப்பக்கம். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல படி இறங்கணும். எந்தப் புண்ணியவான் இப்படிக் கட்டினான்னு தோணும். அவன் மேல தப்பில்லைங்க, அவன் குளியலறையே கட்டலை!

விக்டோரியா காலத்துத் தொழிலாளி வீட்டுல கக்கூஸ் கொல்லையில தனியா இருக்கும். குளிக்கிறது கணப்பு முன்னாடி, தகரத் தொட்டியில. பெரும்பாலும் ஒரே தண்ணியில ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் (நம்ம ஆத்தங்கரையே தேவலை). 1919 சட்டத்துக்கு அப்புறம் நகராட்சிகள் கட்டின வீடுகள்லயும் பலதுல தொட்டி கீழேதான். வெந்நீர் அண்டா பின்கட்டுல இருந்துச்சே, வாளியைத் தூக்கிட்டு யார் மாடி ஏறுறது?

1951 கணக்கெடுப்புல கூட மூணுல ஒரு பங்குக்கு மேல குடும்பங்களுக்குப் பதிச்ச குளியல் தொட்டி கிடையாது. 1949லயும் 1959லயும் வந்த சட்டங்கள் வீட்டைச் சீர் பண்ண மானியம் குடுத்தது. காசு வந்தாச்சு, எங்க கட்டறது? குழாயும் சாக்கடையும் பின்பக்கம். மாடியில வச்சா ஒரு படுக்கையறை காலி. பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வான், சமையலறைக்குப் பின்னாடி ஒட்டுக்கட்டடம் எழுப்பினான்.

இன்னைக்கு மாடிக்கு மாத்த நினைச்சாலும் அதே கணக்குதான். மூணு ரூம் வீடு ரெண்டாயிடும், விலையும் இறங்கலாம். முட்டிவலிக்கார அம்மாவுக்குக் கீழ முன்ரூம்ல கட்டில் போடறதா இருந்தா, என் ஓட்டு இந்த வீட்டுக்குத்தான்.