கண்ணாடிக்குள் ஒரு முத்திரை: கைவினை வகுப்பில் மறந்துபோன வரலாறு



கலைக்கல்வி வகுப்பில் மாணவர்கள் விரும்பிச் செய்யும் கைவினைகளுள் ஒன்று கண்ணாடிப் பதக்கம். இரப்பர் முத்திரையை மையில் ஒற்றி மெல்லிய காகிதத்தில் பதிக்கிறோம். மை உலர்ந்ததும் அவ்வுருவத்தை வட்டமாக வெட்டி, அடிப்பகுதி தட்டையாகவும் மேற்பகுதி குவிந்தும் உள்ள கண்ணாடி வில்லையின் பின்புறத்தில் பசையிட்டு ஒட்டுகிறோம். குவிந்த கண்ணாடி உருப்பெருக்கியாகச் செயல்படுவதால் சிறிய பூவும் பெரிதாய்த் தெரிகிறது. கண்ணாடி, காகிதம், இரப்பர் ஆகிய மூன்று பொருள்களுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அவற்றுள் மூன்றாவது, நம் பள்ளிகளின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. அதனை மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோமா என்பதே என் கேள்வி.

காகித உருவங்களை வெட்டி ஒட்டி அழகுபடுத்தும் கலை ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் செழித்தது. கீழை நாடுகளின் விலையுயர்ந்த அரக்குப் பூச்சுப் பொருள்களை வாங்க இயலாதவர்களுக்காக, வெனிஸ் நகரக் கைவினைஞர்கள் அச்சிட்ட படங்களை மரச்சாமான்களில் ஒட்டி, மேலே பலமுறை மெருகெண்ணெய் பூசினர். 1850களில் இக்கலை கண்ணாடிக்குத் தாவியது. கண்ணாடிச் சாடிகளின் உட்புறத்தில் காகிதப் படங்களை ஒட்டி, அவற்றின் பின்னால் வண்ணம் தீட்டிச் சீனப் பீங்கான் போலத் தோன்றச் செய்யும் மோகம் பிரான்சில் பரவியது. பிறகு அது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. படத்தைக் கண்ணாடி காக்கிறது. அதற்குப் பளபளப்பையும் அளிக்கிறது. நம் வகுப்பறைப் பதக்கத்தின் அடிப்படையும் இதுவே.

இனி முத்திரைக்கு வருவோம். மரத்திலும் உலோகத்திலும் முத்திரை செதுக்கும் வழக்கம் மிகப் பழைமையானது. ஆயினும் அவை கடினமானவை. இரப்பரோ காகிதத்தின் மேடுபள்ளத்திற்கேற்ப இசைந்து கொடுக்கும். ஆனால் பதப்படுத்தாத இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துவிடும். கந்தகம் கலந்து சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்து, 1844இல் காப்புரிமை பெற்றார். அக்காலப் பல் மருத்துவர்கள் செயற்கைப் பற்களுக்கான அடித்தட்டை இரப்பரால் வார்த்தனர். அதனைச் சூடாக்கச் சிறு கொப்பரைகளை வைத்திருந்தனர். 1860களில் அமெரிக்காவில் இரப்பர் முத்திரை செய்யத் தொடங்கியவர்களுக்கு அக்கொப்பரைகளே கைகொடுத்தன. அச்செழுத்துகளைக் கோத்து, சாந்தில் அச்சுக்குழி எடுத்து, அதில் இரப்பரை அழுத்திச் சூடாக்கினால் முத்திரை உருவாகிவிடும்.

அந்த முதல் முத்திரைகளின் காலத்தில் இரப்பர் நம் மண்ணில் விளையவில்லை. அது தென் அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை அமேசான் பகுதியிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தி அழிக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். மோட்டார் வண்டிகள் பெருகவே, காடுகள் தோட்டங்களாயின.

தோட்டங்களுக்கு வேண்டிய கைகள் தமிழகத்திலிருந்து வந்தன. கங்காணிகளின் வழியாகக் கப்பலேறியவர்கள் லயங்களில் குடியேறினர். விடியுமுன் பிரட்டில் நின்று, இருட்டிலேயே பால்வெட்டச் சென்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்காக எழுந்தவையே தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் சொன்னதென்னவோ பள்ளி. கிடைத்ததோ பல இடங்களில் ஒரு கொட்டகையும் ஒற்றை ஆசிரியருமே. கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் நின்ற பள்ளிகளும் உண்டு. அத்தகைய கொட்டகைகளிலிருந்து வளர்ந்தவைதாம் இன்றைய நம் பள்ளிகளுள் பல.

1960களிலிருந்து இரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர், பள்ளிகள் சிலவும் இடம்பெயர்ந்தன. இன்று நம் மாணவர்களுட் பலர் இரப்பர் மரத்தை நேரில் கண்டதில்லை. 'பிரட்டு', 'ஒட்டுப்பால்' என்னும் சொற்கள் அவர்களுக்கு அந்நியமாகிவிட்டன. கடையில் கிடைக்கும் முத்திரைகளுட் பலவும் இப்போது செயற்கைப் பொருளால் ஆனவையே. பாட்டியின் கைப்பழக்கத்தில் இருந்த ஒரு தொழில், பேரப்பிள்ளைக்கு வெறும் பாடநூல் செய்தியாகச் சுருங்குவது நமக்கு இழப்பன்றோ? அதனைச் சொல்லத்தக்க மூத்தோரும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இக்கைவினையைச் செய்விக்கும்போது, பூவும் பட்டாம்பூச்சியும் பொறித்த ஆயத்த முத்திரைகளோடு நின்றுவிட வேண்டாம். அழிப்பானில் மாணவர்களையே ஓர் உருவம் வரையச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் அதனைச் செதுக்கிக் கொடுக்கட்டும். பால்வெட்டும் உளி, மரத்தில் கட்டிய கோப்பை, சாய்வாக இறங்கும் வெட்டுக்கோடு, புள்ளிகள் நிறைந்த இரப்பர் விதை ஆகியவற்றுள் ஒன்றாக அவ்வுருவம் இருக்கலாம். அவ்விதையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழரின் கையில் வைத்து விளையாடிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பெற்றோர்களே, பதக்கத்தை ஒட்டி முடிப்பதற்குள் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பி, ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினீர்கள் என்று கேட்கச் செய்யுங்கள். அந்த எண்ணைக் காகிதத்தின் பின்புறத்தில் எழுதிய பிறகு கண்ணாடியை ஒட்டட்டும்.