காற்றடைத்த படகும் ஆண்டுச் சோதனையும்

காற்றை நிரப்பினால் படகு. காற்றை வெளியேற்றிச் சுருட்டினால் ஒரு மூட்டை. இந்த வசதிக்காகவே ரப்பர் படகு தோன்றியது. ஆனால் மரப்படகுக்கு இல்லாத ஒரு குறை இதற்கு உண்டு. மரப்படகில் பலகை பிளந்தால் கண்ணுக்குத் தெரியும். சுருட்டி வைத்த ரப்பர் படகிலோ வால்வும், ஒட்டும், வாயு சிலிண்டரும் ஓசையின்றிக் கெட்டுப்போகும். கெட்டது தெரியவருவது பெரும்பாலும் கடலில் இறங்கிய பிறகுதான். இக்குறையை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான் என்பதைப் பார்ப்போம்.

1823-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மக்கின்டோஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரு துணிகளுக்கிடையே பூசி நீர் புகாத துணியைச் செய்தார். 1840-களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பீட்டர் ஹால்கெட் இத்துணியால் ஒரு மேலங்கி தயாரித்தார். போர்த்திக்கொண்டால் அங்கி, சிறு துருத்தியால் காற்றடைத்தால் படகு. கைத்தடி துடுப்பாகும், குடை பாயாகும்! வேடிக்கையாகத் தோன்றினாலும் ஹால்கெட் ஒன்றைச் சரியாக உணர்ந்திருந்தார். காற்றறையை நான்காகப் பிரித்து வைத்தார். ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். இன்றைய ரப்பர் படகுகளும் இவ்விதியையே பின்பற்றுகின்றன. கடற்படைத் தலைமை அவரது படகில் ஆர்வம் காட்டவில்லை. வடதுருவப் பகுதியை ஆராய 1846-இல் புறப்பட்ட ஜான் ரே அதைக் கொண்டுபோய் நன்கு பயன்படுத்தினார்.

அக்காலத்து ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதைப் பக்குவப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். இருந்தும் ஓசோன் வாயு, இழுபட்டு நிற்கும் ரப்பரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். மடிப்பு விழுந்த இடம் முதலில் வெடிப்பது இதனால்தான்.

இரண்டாம் உலகப்போரில் விமானங்களில் ரப்பர் படகுகள் வைக்கப்பட்டன. கடலில் விழுந்தவன் ஊதிக்கொண்டிருக்க முடியுமா? எனவே கரியமில வாயுச் சிலிண்டர் இணைக்கப்பட்டது. கயிற்றை இழுத்தால் படகு தானே விரியும். இங்கே ஒரு சுவையான பௌதிகச் சிக்கல் உள்ளது. சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் அதன் ஆவி அழுத்தம் சுமார் 57 வளிமண்டலம். துளி திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தம் மாறாது. ஆகவே பாதி கசிந்துபோன சிலிண்டரும் அழுத்தமானியில் நிறைந்த சிலிண்டர் போலவே காட்டும்! வீட்டுச் சமையல் வாயுவிலும் இதே கதைதான். உண்மையைச் சொல்வது தராசு ஒன்றே. அதனால்தான் பரிசோதகர்கள் சிலிண்டரை எடைபோட்டு, அதன்மேல் பொறித்த எடையுடன் ஒப்பிடுகிறார்கள்.

அடுத்தது அழுத்தத் தணிப்பு வால்வு. காலையில் 20 டிகிரியில், வெளிக்காற்றைவிடக் கால் வளிமண்டலம் அதிக அழுத்தத்தில் படகை நிரப்பினோம் என்று கொள்வோம். உச்சிவெயிலில் உள்காற்று 50 டிகிரியை எட்டுகிறது. மொத்த அழுத்தம் 1.25-லிருந்து சுமார் 1.38 வளிமண்டலமாகிறது, பத்தில் ஒரு பங்கு உயர்வுதான். ஆனால் ஒட்டுகளை இழுப்பது மொத்த அழுத்தமன்று, வெளிக்காற்றைவிட மிகுந்திருக்கும் அழுத்தமே. அது 0.25-லிருந்து 0.38 ஆகிறது, அதாவது ஒன்றரை மடங்கு! உப்புப் படிந்து வால்வு இறுகிவிட்டால் ஒட்டுகளின் கதி என்னவாகும்? குளிர்ந்த நீரில் இறக்கினால் இதற்கு நேர்மாறு, படகு தொய்ந்துவிடும். ஆகவே கைப்பம்பும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.

பிடிகயிற்றைத் தாங்கும் வளையங்களும் ஒட்டுத்துணிகளால்தான் பிணைக்கப்பட்டுள்ளன. ஒட்டின் தளத்தை ஒட்டியே இழுத்தால் பரப்பு முழுவதும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். சுவரொட்டியைக் கிழிப்பதுபோல் விளிம்பைத் தூக்கி இழுத்தால் விசை முழுவதும் ஒரு கோட்டின்மேல் விழும். விளிம்பு நகத்தளவு எழும்பியிருந்தாலே பரிசோதகர் முகம் சுளிப்பது இதனால்தான்.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கல்ல என்பதைக் கடல் காட்டியது. 1952-இல் அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ரப்பர் படகில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து உலகை வியக்கவைத்தார். அவரே 1958 அக்டோபரில் பிரான்சின் எதேல் முகத்துவாரத்தில் ஓர் உயிர்காப்பு மிதவையைச் சோதித்தபோது அது கவிழ்ந்தது. உதவிக்கு வந்த மீட்புப் படகின் சுழலியில் கயிறு சிக்கி, அதுவும் கவிழ்ந்தது. ஒன்பது பேர் மாண்டனர். உயிர் காக்கக் கட்டிய கயிறு!

1979 ஆகஸ்டில் பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியைப் பெரும்புயல் தாக்கியது. 303 படகுகள் புறப்பட்டன. போட்டியாளர் 15 பேர் இறந்தனர். அவர்களில் 7 பேரின் மரணம் உயிர்காப்பு மிதவைகளோடு தொடர்புடையது என விசாரணை கண்டது. ஒரு மிதவையின் மேல்வளையமும் கீழ்வளையமும் தனித்தனியே பிரிந்தன. அதில் ஏறிய 8 பேரில் 3 பேர் மாண்டனர். வேறு மிதவைகள் கவிழ்ந்தன. மாலுமிகள் கைவிட்ட படகுகள் 24. அவற்றுள் மூழ்கியவை 5 மட்டுமே. மற்ற 19-உம் பின்னர் மிதந்தபடியே மீட்கப்பட்டன! மிதவை பாய்மரப் படகைவிடப் பத்திரமானது என்ற நம்பிக்கை அத்துடன் ஆட்டங்கண்டது. அடியில் நீர் நிரம்பி மிதவையை நிலைநிறுத்தும் பைகளுக்குப் பின்னர் முக்கியத்துவம் கூடியது.

கப்பல் மிதவைகளை 12 மாதத்திற்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதன் சொந்தச் சிலிண்டராலேயே விரியச் செய்வர். பத்தாண்டான பிறகு, வழக்கமான அழுத்தத்தைப்போல் இருமடங்கு ஏற்றி ஐந்து நிமிடம் வைத்து ஒட்டுகளைக் கவனிப்பர். கரையோரம் ஓடும் சிறு ரப்பர் படகுகளை இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. அவற்றின் சொந்தக்காரருக்கு உதவுவது சோப்பு நீர்தான். வால்வைச் சுற்றியும் ஒட்டுகளின் விளிம்பிலும் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். மாலையில் காற்றடைத்து மறுநாள் அதே வெப்பநிலையில் அழுத்தத்தை அளக்கலாம். வெயிலேறிய பின் அளந்தால் கசிந்த படகும் நல்ல படகாகத் தோன்றும்.