குரல்வழிக் கருவிப் பயிற்சி: மைகர் மரபில் தனியாசிரியர்

முன்னுரை

இந்தியக் கருவியிசைக் கல்வி நெடுங்காலம் ஆசிரியரின் இல்லத்திலேயே நிகழ்ந்து வந்தது. 1901இல் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் லாகூரில் கந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவினார். 1926இல் பாத்கண்டேயின் முயற்சியால் லக்னோவில் இசைக்கல்லூரி தோன்றியது. பாடத்திட்டம், தேர்வு, அச்சிட்ட சுரக்குறிப்பு ஆகியவை இவற்றால் பரவலாயின. அதே காலப்பகுதியில், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மைகர் சமத்தானத்தில், தனியாசிரியர் ஒருவரின் இல்லம் சரோத், சிதார் முதலிய கருவிகளின் இசைப்போக்கையே மாற்றியமைத்தது. அவ்வில்லத்தின் பயிற்றுமுறையும், அங்குக் கற்கும் உரிமை யார்யார்க்கு வாய்த்தது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

குடும்ப உரிமையும் அதன் நெகிழ்ச்சியும்

மைகர் ஆசிரியரான அலாவுதீன் கான் கல்கத்தாவில் முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றவர். பின்னர் ராம்பூரில், தான்சேன் மரபினரான வசீர் கானிடம் மாணவரானார். வசீர் கான் உருத்திர வீணைக் கலைஞர். அவ்வீணையைக் குடும்பத்தார்க்கு மட்டுமே கற்பிப்பது அம்மரபின் வழக்கம். ஆகவே அலாவுதீன் கானின் கைக்கு வீணை வரவில்லை. வீணைக்குரிய ஆலாபனை முறையோ சரோத் வழியே வந்து சேர்ந்தது. கருவியைக் குடும்பத்துள் நிறுத்திக்கொள்ள முடிந்தது. குரலில் வாழும் இசையை அவ்வாறு நிறுத்த இயலவில்லை எனலாம்.

அவர் தாம் பெற்றதைக் குடும்பத்துக்கு வெளியேயும் வழங்கினார். 1918ஐ ஒட்டி, கொள்ளைநோயால் பெற்றோரை இழந்த சிறுவர்களைக் கொண்டு மைகர் இசைக்குழுவை அமைத்தார். துப்பாக்கிக் குழாய்களால் ஆன ‘நல்தரங்’ என்னும் கருவியையும் அக்குழுவுக்கென உருவாக்கினார்.

பயிற்றுமுறை

இம்மரபில் ஆசிரியர் இசைத்தொடரைப் பாடிக்காட்டுவார். மாணவர் அதனைச் செவியில் வாங்கிக் கருவியில் தேடுவார். வலக்கை மீட்டலும் ‘டா’, ‘ரா’ முதலிய சொற்களாக வாயில் நின்ற பின்னரே விரலுக்கு வந்தது. எனவே மாணவரின் கருவியை ஆசிரியர் வாசித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சரோதில் அலி அக்பர் கான், குழலில் பன்னாலால் கோஷ், சிதாரில் 1938இல் வந்த ரவிசங்கர், 1947இல் வந்த நிகில் பானர்ஜி ஆகியோர் ஒரே ஆசிரியரிடம் பயின்றனர். சிதார் கலைஞர் இருவரின் வாசிப்பும் ஒன்றையொன்று ஒத்திராமை நோக்கத்தக்கது. பயிற்சியின் கடுமையையும் ஆசிரியரின் சினத்தையும் மாணவர்களே பதிவு செய்துள்ளனர். அவற்றைக் குருபக்தியின் பெயரால் மறைத்தல் வரலாறு ஆகாது.

அன்னபூர்ணா தேவி

மூத்த மகளின் இசைப்பயிற்சி அவர் புகுந்த வீட்டில் பூசலுக்குக் காரணமானதால், இளைய மகளுக்குக் கற்பிக்க அலாவுதீன் கான் முதலில் முனையவில்லை. அண்ணன் அலி அக்பரின் பிழையை அச்சிறுமி பாடித் திருத்தியதைக் கேட்ட பின்னரே அவர் மனம் மாறினார் என்பர். அவ்வகையில் அன்னபூர்ணா தேவிக்கு வாயிலைத் திறந்ததும் குரலே. சுர்பகார் கலைஞரான அவர் பிற்காலத்தில் மேடையை விடுத்து, மும்பையில் தம் இல்லத்திலேயே கற்பித்தார். குழற்கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா, நித்யானந்த் ஹல்திபூர் ஆகியோர் அவரிடம் பயின்றனர். குழல் வாசிக்காத ஒருவர் குழலாசிரியராக விளங்கியமை இப்பயிற்றுமுறைக்குத் தலையாய சான்றாகும்.

முடிவுரை

சிலப்பதிகார அரங்கேற்று காதை குழல், யாழ், தண்ணுமை ஆசிரியர்களைத் தனித்தனியே இலக்கணப்படுத்துகிறது. எனினும் அரங்கில் யாழ் குழலையும், தண்ணுமை யாழையும் பின்பற்றுவதாகக் காட்டுகிறது. ஒரு கருவியின் கல்வி அக்கருவியோடு முடிவதில்லை என்னும் கருத்து அங்கும் புலனாகிறது. மைகர் மரபுக்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு கூறுதல் பொருந்தாது. ஒப்பீடு ஒன்றே பொருந்தும்.

கல்லூரிகள் பாடநூல்களை விட்டுச்செல்கின்றன. தனியாசிரியரோ மாணவரின் செவியையும் கையையுமே விட்டுச்செல்கிறார். 2018இல் மறைந்த அன்னபூர்ணா தேவியின் வாசிப்புக்கு எஞ்சிய ஒலிப்பதிவுகள் மிகச்சில. மேடைக் கலைஞர்களின் பெயர்களை மட்டும் கொண்டு எழுதப்படும் இசை வரலாறு இத்தகைய ஆசிரியர்களைத் தவறவிடும். மாணவர்களின் வாய்மொழி நினைவுகளைத் தொகுப்பது இசை வரலாற்று ஆய்வின் உடனடித் தேவையாகும்.